மாரடைப்பும் மாங்கல்ய தோஷமும்

காரைக்கால் வட்டாரத்தில் நாற்பத்தைந்து, ஐம்பது வயதிலுள்ள ஓர் ஆண் மாரடைப்பால் இறந்துபோனால், பிணம் வாசலை விட்டுக் கிளம்புமுன்னே ஒரு விசாரணை ஆரம்பமாகிவிடுகின்றது. இறந்தவர் தினம் எத்தனை பீடி பிடித்தார், அவருக்கு இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, நெஞ்சு வலிக்கின்றது என்று அவர் சொன்னதற்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றினதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போயிற்று என்பவைகளைப் பற்றிய விசாரணையா என்றால், அவை ஒன்றையும் யாரும் கேட்பதில்லை. அவருக்கு ஏழரைச் சனியா, அஷ்டமச் சனியா என்பது முதல் கேள்வி. அவர் பெண்ஜாதியின் ஜாதகத்தில் எட்டாமிடமாகிய மாங்கல்ய ஸ்தானம் எப்படி இருந்தது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு உரியவர் செத்துவிட்டார். இனி எந்தச் சனியும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது கேள்விக்கு உரியவளோ மூலையில் உயிரோடு உட்கார்ந்திருக்கின்றாள். அவள் காதில் விழும்படியாகவே, "பொருத்தம் சரியாய்ப் பார்க்காமல் கட்டி வைத்ததன் பலன்" என்று ஒரு கிழவி சொல்லுவாள். "அவள் கழுத்துக்கு நிற்கவில்லை" என்று இன்னொருத்தி ஒத்துப் பாடுவாள். அன்று முதல் அந்தப் பெண் புருஷனைக் கொன்றவளாகவே அந்தத் தெருவில் நடமாட வேண்டியதுதான்.

இது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்பதைச் சுயமரியாதைக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்திருக்கின்றார்கள். அதை மறுபடியும் சொல்ல மாத்திரம் நாம் இப்போது எழுத வரவில்லை. சென்ற பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக மனிதனுடைய இரத்தத்தைப் பற்றி நடந்துவரும் ஓர் ஆராய்ச்சி, மாரடைப்பு எங்கிருந்து வரக்கூடும் என்பதில் முன்னே யாரும் நினைத்துப் பாராத ஓர் இடத்தைக் காட்டியிருக்கின்றது. அது நமது வாசகர்களுக்குத் தெரிந்திருந்தால், எழவு வீட்டில் மேற்கண்ட விசாரணை நடக்கும்போது எழுந்து பதில் சொல்ல ஓர் ஆளாவது இருக்கும்.

விஷயம் என்னவென்றால், இரத்தம் உண்டாவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அங்கே இரத்தத்துக்குத் தாயாக இருந்து வேலை செய்யும் அணுக்கள் ஒரு மனிதனுக்குச் சுமார் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். இவை பிரிந்து பெருகித்தான் சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் நாள்தோறும் கோடி கோடியாக உண்டாகின்றன. ஓர் அணு இரண்டாகும்போதெல்லாம் அதற்குள்ளிருக்கும் ஜீன் ஏட்டையும் நகல் எடுத்தாக வேண்டும். அந்த ஏடோ தாய்வழி ஒரு படி, தகப்பன்வழி ஒரு படியாக, படி ஒன்றுக்குச் சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்டது. பத்திர ஆபீசில் நகலெடுக்கும் குமாஸ்தா எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும் ஆயிரம் பக்கத்தில் ஓர் எழுத்தாவது தவறாமலிருக்குமா? நகலெடுக்கையில் தவறுவதும், எழுத்துக்கள் தாமாகவே சிதைந்து போவதுமாகச் சேர்ந்து, தாயணு ஒவ்வொன்றிலும் வருஷத்துக்குச் சுமார் 17 பிழைகள் ஏறுகின்றன என்று 2022-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவைகளால் ஒரு கெடுதியும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை, அணுவின் பெருக்கத்தை அடக்கி வைக்கும் இடத்தில் போய் விழுந்துவிடுகின்றது. வீட்டு விதையையே வருஷா வருஷம் எடுத்து வைத்து விதைக்கின்ற நமது நெடுங்காட்டு, திருநள்ளாற்று விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயலில் ஒரு குத்து மாத்திரம் மற்றவைகளைவிட அதிகமாகத் தூர் கட்டிக் கதிர் தள்ளுமானால், அடுத்த வருஷ விதையில் அதன் பங்கு கூடும். அதற்கடுத்த வருஷம் இன்னும் கூடும். பத்து வருஷத்தில் வயலில் கால்பங்கு அந்த ஒரு குத்தின் வாரிசாகவே இருக்கும். மஜ்ஜையில் நடப்பதும் அதே கதைதான். நாற்பது வயதுக்கு முன் இது அபூர்வம். எழுபது வயதுக்கு மேல் பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கின்றது என்று 2014-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சிக் கூட்டத்தார் தனித்தனியே கண்டு ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக 'சிப்' என்கின்றார்கள். டெட்-2, டி.என்.எம்.டி-3ஏ, ஜாக்-2 என்பவை அடிக்கடி பிழைபடும் ஜீன்களில் சில.

(இந்த இடத்தில் இரத்தச் சுத்தம் பேசும் சாதிமான்களுக்கு ஒரு வார்த்தை. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில் சுமார் பத்து இருபது தாயணுக்களின் வம்சமே நூற்றுக்கு 30 முதல் 60 பங்கு வரை அடைத்துக் கொண்டிருக்கின்றது என்றும், ஒவ்வொரு வம்சத்தின் ஏட்டிலும் வெவ்வேறு பிழைகள் இருக்கின்றன என்றும் மேற்படி 2022-ம் வருஷத்து ஆராய்ச்சி சொல்லுகின்றது. ஒரே கிழவனாரின் உடம்பிலேயே இத்தனை வகை இரத்தம் கலந்து ஓடுகின்றபோது, ஆயிரம் வருஷமாகக் கலப்பில்லாமல் காப்பாற்றி வந்தோம் என்பது எதை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.)

நிற்க. இந்தப் பிழை உள்ளவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வரும் என்றுதான் முதலில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வருவதுண்டு, ஆனால் வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குக்கூட வருவது துர்லபம். அப்படியிருந்தும் இவர்களில் சாவு அதிகமாயிருந்தது. காரணம் தேடிப் பார்த்தபோது புற்றுநோயைவிட இருதய வியாதியே முன்னுக்கு வந்து நின்றது. 2017-ல் சித்தார்த்த ஜெய்ஸ்வால், பெஞ்சமின் ஈபர்ட் முதலியவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரத்தத்தில் இந்தப் பிழை உள்ளவர்களுக்கு இருதய இரத்தக்குழாய் வியாதி மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டது. அதே ஆராய்ச்சியில், சிறு வயதில் மாரடைப்பு வந்த இத்தாலியரையும் பாகிஸ்தானியரையும் எடுத்துப் பார்த்ததில், ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வருவது இவர்களிடம் நான்கு மடங்கு என்று கண்டது. பாகிஸ்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' என்ற ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பு வரும் வயது மற்ற நாட்டாருக்குச் சுமார் 59 என்றால் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட நம் பக்கத்தாருக்கு 53 என்று இருந்தது. ஆகவே இது நமது வீட்டுச் சமாச்சாரம்.

எலும்புக்குள் நேர்ந்த பிழை இருதயத்தை எப்படித் தாக்கும் என்று கேட்கலாம். இரத்தக்குழாயின் சுவரில் கொழுப்புப் படியும்போது அதைத் தின்று துப்புரவு செய்ய வெள்ளையணுக்கள் சுவருக்குள் நுழைகின்றன. பிழைபட்ட வம்சத்து வெள்ளையணு, துப்புரவு செய்யப் போன இடத்தில் அளவுக்கு மீறிய கோபம் கொண்டு, அழற்சியை மூட்டும் சரக்குகளைக் கக்குகின்றது. உள்ளே புண் ஆறாமல் கனன்று கொண்டேயிருக்கின்றது. ஒரு நாள் அது வெடித்து, அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால் அதுதான் மாரடைப்பு. டெட்-2 கெடுக்கப்பட்ட மஜ்ஜையைச் சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது அவைகளின் குழாய்களில் கொழுப்புத் திட்டுகள் பெரிதாக வளர்ந்ததை 2017-ல் கண்டார்கள். எலிக்கு ஜாதகமும் கிடையாது. அதன் பெண்ஜாதிக்கு எட்டாமிடமும் கிடையாது.

இவ்வளவும் முடிந்த முடிவு என்று நாம் சொல்லமாட்டோம். பின்னால் பிரிட்டனில் லட்சக்கணக்கான ஜனங்களின் இரத்தத்தை வைத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் இந்தத் தொடர்பு முதலில் சொன்ன அளவுக்குப் பலமாக இல்லை. சிலவற்றில் மிகச் சொற்பம். ஜீனுக்கு ஜீன் வித்தியாசப்படுகின்றது. இதைப் பற்றி அவர்கள் இன்னும் அச்சில் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றார்கள். எழவு வீட்டில் படுத்திருக்கும் அந்த மனிதருக்கு இந்தப் பிழைதான் எமனாக வந்தது என்றும் நாம் சொல்லவில்லை. மேற்படி 'இன்டர்ஹார்ட்' கணக்குப்படி மாரடைப்புக்கு உரிய காரணங்களில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பது விஷயங்களுக்குள் அடங்கிவிடுகின்றது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மனக்கஷ்டம், காய்கனி போதாமை, உடல் உழைப்பு இல்லாமை, குடி என்பவையே அவை. அந்த ஒன்பதில் நவக்கிரகம் ஒன்றுகூட இல்லை.

இனி சோதிடத்தைப் பார்ப்போம். சனி ஒரு ராசியில் இரண்டரை வருஷம் இருக்கின்றதாம். ஜன்ம ராசி, அதற்கு முன் ராசி, பின் ராசி ஆகிய மூன்றும் சேர்ந்து ஏழரை. அப்படியானால் பன்னிரண்டு ராசிக்காரர்களில் மூன்று ராசிக்காரர்கள், அதாவது உலகத்து ஜனங்களில் கால்பங்குப் பேர், எந்த நிமிஷத்திலும் ஏழரைச் சனியில்தான் இருந்தாக வேண்டும். எட்டாமிடத்துச் சனியையும் நாலாமிடத்துச் சனியையும் சேர்த்தால் பன்னிரண்டில் ஐந்து பங்கு ஆகிவிடுகின்றது. யார் செத்தாலும் ஐந்து பேரில் இரண்டு பேருக்குச் சனி "பிடித்திருந்தது" என்று சொல்ல வழி கிடைக்கும்படி செய்துவைத்த கணக்குக்குப் பெயர் சாஸ்திரமாம்! இந்தக் கணக்கிலும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சென்ற சனிப்பெயர்ச்சி ஒன்று திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17-ல் நடந்தது. திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே 2023 டிசம்பர் 20-ல் நடந்தது. நடுவிலிருந்த பதினொரு மாதத்தில் செத்தவர்களைச் சனி எந்த வீட்டிலிருந்து பார்த்தான் என்று எந்தச் சோதிடரைக் கேட்பது? பிரஞ்சுக்காரன் 1954-ல் காரைக்காலை விட்டுப் போய்விட்டான். சனிபகவான் மாத்திரம் இரண்டரை வருஷத்துக்கொரு முறை வீடு மாறிக்கொண்டேயிருக்கின்றாரேயொழிய வீட்டைக் காலி செய்கிறதாயில்லை.

ஜாதகத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை ஒன்று நடந்தாகிவிட்டது. இரட்டைப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாய் தகப்பன், ஒரே நாள், ஒரே நட்சத்திரம், அநேகமாக ஒரே லக்கினம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையராயிருந்தால் பிறக்கும்போதுள்ள ஜீன் ஏடும் ஒன்றேதான். டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் இப்படிப்பட்ட வயோதிக இரட்டையர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். ஒருவர் இரத்தத்தில் பிழை இருந்தால் மற்றவருக்கும் இருக்குமென்று எதிர்பார்க்க இடமில்லாமல், பெரும்பாலும் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமலே இருந்தது. ஒரே ஜாதகக் கட்டத்துக்கு இரண்டு வேறு இரத்தம்! ஒருவர் தன் ஜாதகமே தன் இரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதிருக்க, வேறொரு வீட்டில் வேறொரு தாய்க்குப் பிறந்த பெண்ணின் ஜாதகம் அவருடைய எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து எழுத்தை மாற்றிற்று என்று சொல்லுகின்றவர்களை என்னவென்று அழைப்பது?

இதைப் படித்துவிட்டுச் சில வைதிகப் பண்டிதர்கள் வேறு விதமாகக் கிளம்பலாம். "எழுத்துப்பிழை என்று நீங்களே சொல்லுகின்றீர்கள், அதைத்தான் எங்கள் பெரியோர்கள் தலையெழுத்து என்றார்கள், விஞ்ஞானம் இப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றது" என்பார்கள். இந்தப் பித்தலாட்டத்துக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகின்றோம். தலையெழுத்து என்பது பிறக்குமுன், முன்ஜென்மத்து வினைக்கேற்ப, ஒருவன் உட்கார்ந்து எழுதியது என்கின்றீர்கள். இதுவோ வாழ்நாளெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்வது, எழுதினவன் யாருமில்லை, நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை. மேலும் இதன் ஒரு பகுதி நம் கையிலேயே இருக்கின்றது. புகை பிடிக்கின்றவர்களிடம் இந்தப் பிழைகள் அதிகம். 2001-ல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது அந்தப் புழுதியைச் சுவாசித்த தீயணைப்புக்காரர்களின் இரத்தத்தில், அந்தப் புழுதி படாத தீயணைப்புக்காரர்களைவிட இது அதிகமாயிருந்தது என்று 2022-ல் கண்டார்கள். பிரமன் எழுதிய எழுத்தாயிருந்தால் பீடிக்கும் புழுதிக்கும் அதில் என்ன வேலை?

தலைவிதிக்காரர்கள் இன்னொரு கதையையும் கேட்கட்டும். ஹாலந்து தேசத்தில் ஹென்ட்ரிக்யே வான் ஆண்டெல்-ஷிப்பர் என்ற மூதாட்டி 2005-ல் தமது 115-வது வயதில் இறந்தார். தம் உடலை ஆராய்ச்சிக்கென்று எழுதிவைத்தவர். அவருடைய இரத்தத்தைப் பரிசோதித்து 2014-ல் வெளியிட்டதில், அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இரண்டே இரண்டு தாயணுக்களின் வம்சம் என்றும், நூற்றுக்கணக்கான பிழைகள் அதில் சேர்ந்திருந்தன என்றும் தெரிந்தது. அவ்வளவு பிழையோடும் அவர் 115 வயது வாழ்ந்தார். பிழை இருப்பது ஒன்று. பிழை எந்த இடத்தில் விழுந்தது, கூடவே புகையும் கொழுப்பும் அழுத்தமும் சேர்ந்தனவா என்பது வேறொன்று.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். இந்தப் பிழையைத் திருத்த மருந்து இதுவரையில் இல்லை. அழற்சியை அடக்கினால் பயன் உண்டா என்று மாரடைப்பு வந்து பிழைத்த பதினாயிரம் பேருக்குக் கனகினுமாப் என்ற ஊசியைப் போட்டுப் பார்த்து 2017-ல் முடிவு சொன்னார்கள். மறுபடி மாரடைப்பு முதலியவை வருவது நூற்றுக்குப் பதினைந்து குறைந்தது. ஆனால் தொற்று நோயால் சாவு கொஞ்சம் அதிகப்பட்டது. மொத்தச் சாவு குறையவில்லை. ஆகவே அது இருதயத்துக்கு வழக்க மருந்தாக ஆகவில்லை. நம் பக்கத்துக் கண்வலிக்கிழங்குச் செடியிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்தும் அழற்சியை அடக்கக்கூடியது. 2019-ல் ஒரு பெரிய பரீட்சையில் அது பலன் தந்தது; 2024-ல் அதைவிடப் பெரிய வேறொன்றில் பலன் தெரியவில்லை. (இதைக் கேட்டு யாராவது கிழங்கைத் தோண்டித் தின்றுவிடப் போகின்றார்கள்! அது ஆளைக் கொல்லும் விஷம்.) இதில் நாம் கவனிக்க வேண்டியது, மருந்து விற்றுப் பிழைக்கின்ற உலகத்திலேகூடப் பலிக்காததைப் பலிக்கவில்லை என்று அச்சடித்து எழுத ஒரு முறை இருக்கின்றது என்பது. நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டு, எள் தீபம் ஏற்றி வந்தவர்களில் எத்தனை பேருக்கு அதற்கப்புறம் மாரடைப்பு வந்தது என்று எந்தக் குருக்களாவது கணக்கு எழுதி வைத்ததுண்டா?

அதேபோல், "உங்கள் ஜீனைப் பார்த்து மாரடைப்பு வருமா என்று சொல்லுகின்றோம்" என்று பணம் பிடுங்க வருகின்ற வெள்ளைக் கோட்டுச் சோதிடர்களிடமும் ஏமாறாதீர்கள். இரத்தத்தில் 'சிப்' இருக்கின்றதா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று பொறுப்புள்ள டாக்டர்கள் இன்று சொல்லவில்லை. பார்த்தாலும் செய்யச் சொல்லுவது, புகையை விடு, அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அடக்கி வை என்பதுதான். அதைச் செய்யப் பரிசோதனைச் சீட்டு வேண்டியதில்லை.

நெஞ்சு வலி வந்த பிறகோ மணி நேரம்தான் உயிர். அடைப்பைக் கரைக்கும் ஊசியாகட்டும், குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பதாகட்டும், முதல் ஓரிரண்டு மணிக்குள் செய்வதற்கும் ஆறு மணி கழித்துச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆளின் இருதயச் சதை எவ்வளவு மிஞ்சும் என்பதாகும். நம் ஊரிலோ "வாயு" என்று சோடா கொடுத்து ஒரு மணி, மந்திரித்துத் திருநீறு போட்டு ஒரு மணி, நேரம் நல்லதா என்று பார்த்து ஒரு மணி என்று அந்த மணிகள் போய்விடுகின்றன. சனிப்பெயர்ச்சி என்றால் சர்க்காரே தனி பஸ் விடுகின்றது, பந்தல் போடுகின்றது, போலீசைக் குவிக்கின்றது. காரைக்காலில் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி 2016 முதல் நடக்கின்றது. கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஜனங்கள், தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு ஈ.ஸி.ஜி. எடுக்கவும், எடுத்ததைப் படித்துச் சொல்லவும் ஆளிருக்கின்றாரா, இல்லையென்றால் சுமார் 130 கிலோமீட்டருக்கப்பாலுள்ள புதுவை வரையில் போகாமல் பக்கத்தில் எங்கே போவது என்று போய் விசாரித்தாகிவிட்டதா? எழவு வீட்டு விசாரணையை நடத்துகின்ற பெரியவர்கள் இந்த விசாரணையை முந்தியே நடத்தலாம்.

கடைசியாக அந்தப் பெண்ணைப் பற்றி. பெண்ஜாதி மாரடைப்பால் செத்தால், புருஷன் ஜாதகத்தை எவனாவது கையில் எடுக்கின்றானா? பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவருக்கு இரண்டாந்தாரம் பார்க்கத்தான் ஜாதகம் எடுக்கப்படுகின்றது. மாங்கல்ய ஸ்தானம் என்று ஒன்று பெண்ணுக்கு மாத்திரம் ஏற்பட்டிருக்கின்றதேயொழிய, ஆணுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் அதற்குச் சாஸ்திரத்தில் பதில் கிடையாது. இதனால் கெடுவது அவள் ஒருத்தி மாத்திரமல்ல. அவள் மகளுக்கு வரன் பார்க்கும்போது "தகப்பனை விழுங்கினவள்" என்பார்கள். மகனைப் பற்றியோ யாரும் பேசமாட்டார்கள். உண்மையில் பேச வேண்டியது அவனைப் பற்றியும் அவளைப் பற்றியும்தான். தகப்பன் ஐம்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்பால் இறந்திருந்தால் பிள்ளைகள் முப்பது வயதிலிருந்தே இரத்த அழுத்தமும் கொழுப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு வரவேண்டுமென்று எந்த டாக்டரும் சொல்லுவார். தாயின் ஜாதகத்தைத் தேடிப் பெட்டியைக் குடைகின்ற அந்த நேரத்தில், அந்தப் பையன் கையிலும் பெண் கையிலும் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்து முடித்துவிடலாம்.